குளிர்பெட்டி லாரியின் அம்மன் விளக்கு

என் வேலைக்காலத்தில் எத்தனையோ லாரிகளுக்கு பேட்டரி பார்த்திருக்கிறேன். பேட்டரியைக் கழற்றாமலே சார்ஜ் போடு என்று சொன்னவர் அந்தக் குளிர்பெட்டி லாரி டிரைவர் ஒருவர்தான்.

எண்பதுகளின் கடைசி அது. மேற்குத் தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் இருந்தேன். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. டைனமோ, இன்ஜினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார், பேட்டரி என்று லாரியில் கரண்ட் சம்பந்தப்பட்டது எதுவானாலும் என் கைக்கு வரும். காலையில் முருகன் படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, முதல் பேட்டரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவேன். கரண்ட் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றோடு நாள் முழுக்கப் பழகுகிறவனுக்கு சாமி நினைப்பு தானாக வரும்.

அந்த லாரி, பட்டணத்துக் குளிர்க்கிடங்கிலிருந்து குழந்தைகளுக்கான தடுப்பு மருந்துகளை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் என்று தெற்கே போகும். பின்னால் வெள்ளைப் பெட்டி. பெட்டியின் நெற்றியில், டிரைவர் தலைக்கு மேலே, குளிர் மிஷின். அதற்குத் தனியாக ஒரு சின்ன டீசல் இன்ஜின், தனி டைனமோ, தனி பேட்டரி. லாரியின் கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. டீசல் போகிற வழியில் ஒரு சின்ன வால்வு இருக்கும். கரண்ட் தெம்பாக இருக்கும்வரை அது திறந்திருக்கும். கரண்ட் சோர்ந்தால் மூடிக்கொள்ளும். மூடினால் இன்ஜின் நிற்கும், குளிர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்விடும்.

ஐஸ்கிரீம் உருகினால் வழியும். மீன் கெட்டால் நாறும். இந்த மருந்து கெட்டால் ஒன்றும் தெரியாது. அதே சீசா, அதே மூடி. நர்சம்மா எடுத்துக் குழந்தைக்குப் போட்டுவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிடுவார். இதை நினைத்தால் அந்த மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கவே எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

டிரைவருக்கு என் வயசுதான் இருக்கும். வீடு ராஜகீழ்ப்பாக்கம் பக்கம். ஷெட்டுக்குள் நுழையும்போதே சத்தம் போட்டுக்கொண்டுதான் வருவார்.

"இன்னாண்ணா, டைனமோ தூங்குதா, நீ தூங்குறியா? மறுபடியும் பேட்டரி படுத்துக்கினு கீது."

எங்கள் மேஸ்திரி உள்ளேயிருந்தே பதில் கொடுப்பார். "அவன் சாமி கும்புட்டு முடிக்கட்டும்யா. அதுக்குள்ள உன் மருந்து வெந்நீரா ஆயிடும்."

"வெந்நீர் ஆனா உனக்குத்தான் மேஸ்திரி முதல் ஊசி."

முதல் தடவை பெல்ட் தொய்ந்திருந்தது, இழுத்து வைத்தேன். பேட்டரி முனைகளில் பச்சையாகப் பூத்திருந்ததை வெந்நீர் ஊற்றிக் கழுவி கிரீஸ் தடவினேன். டிஸ்டில்டு வாட்டர் குறைந்திருந்தது, ஊற்றினேன். சார்ஜ் போட பேட்டரியை இறக்கலாம் என்று ஸ்பேனரை எடுத்தபோது, "கழட்டாதண்ணா. மேலயே வெச்சி போடு. நேரமில்ல" என்றார். சரி, அவசரம் போல என்று நீள வயர் இழுத்து மேலேயே போட்டேன்.

சார்ஜ் ஏறுகிற நேரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்போதுதான் அவர் குரல் தணிந்தது. சம்சாரம் மாசமாக இருக்கிறாளாம். முன்னே ரெண்டு தங்கவில்லையாம். ஒன்று வயிற்றிலேயே போயிற்று. இன்னொன்று பிறந்து, அழாமலே போயிற்று.

"அழவே இல்லண்ணா" என்று டீயைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நானும் ரூமுக்கு வெளிய நின்னுகினு இதோ அழும், இதோ அழும்னு பாத்துகினே இருந்தேன்."

நான் முருகா என்று மட்டும் சொன்னேன். என் மூத்தவன் அப்போது கைக்குழந்தை. அவன் ராத்திரியெல்லாம் அழுகிறான் என்று அன்றைக்குக் காலையில்தான் மேஸ்திரியிடம் சலித்துக்கொண்டிருந்தேன்.

அந்த லாரி திரும்பத் திரும்ப வந்தது. டைனமோவைப் பிரித்து பிரஷ் மாற்றினேன். சார்ஜை அளந்து விடுகிற கட்-அவுட்டை மாற்றினேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. போகும்போது பேட்டரி நிறைந்து போகும். ரெண்டு மூன்று நாள் நின்று வந்தால் சோர்ந்து வரும். ஒரு ரகசிய வாய் அதற்குள்ளிருந்து உறிஞ்சிக் குடிப்பது போல இருந்தது எனக்கு.

அவருக்கு வேறொரு பயம் சேர்ந்துகொண்டது. அவர் கேபினில், கண்ணாடிக்கு மேலே, ஒரு அம்மன் படம் இருந்தது. முன்பக்கம் கண்ணாடி போட்ட சின்னப் பெட்டி. உள்ளே படத்தைச் சுற்றி சிவப்பு பல்புகள். எந்நேரமும் எரியும். கேபினில் ஏறும்போதெல்லாம் நானும் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவேன்.

"அண்ணா, இரும்புலியூர் தாண்டி ஏரிக்கரை வருதில்ல, சுடுகாட்டாண்ட? அங்க போனாவே அம்மன் மொகம் மங்குதுண்ணா. லோடோட போற ஒவ்வொரு தபாவும். அங்க இன்னாவோ ஒண்ணு கீது."

"ரோடு குண்டும் குழியுமா இருக்கும்பா. லூஸ் கனெக்‌ஷன்."

"குழியாண்ட மங்கினா நான் சொல்ல மாட்டனா? நல்ல ரோட்லயே மங்குது. பக்கத்துல யாரோ வந்து குந்திகினு ஊதி அணைக்கற மாதிரி."

நான் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு சைக்கிளில் போகும்போது அந்த வார்த்தை என் பின்னாலேயே வந்தது.

ஒருநாள் காலை லாரி ஷெட்டில் நின்றது. பெட்டி காலி. மிஷினும் அணைந்திருந்தது. அவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஒளிந்து குடிக்கிற கரண்டைப் பிடிக்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் எர்த் முனையைத் தூக்கித் திரும்பத் தொட வேண்டும். பொறி பறந்தால் எங்கோ கரண்ட் ஓடுகிறது. இத்தனை நாள் அவர் கழற்றவிடாததால் நான் அதைப் பார்க்கவே இல்லை. ஏணியில் ஏறி நட்டைத் தளர்த்தினேன். முனையில் கை வைத்தேன்.

"அண்ணா! கையெடு! தூக்காத!"

டீ கிளாஸ் தரையில் உடைந்த சத்தம் கேட்டது. ஏணியில் பாதி ஏறி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். சண்டைக்கு வந்த முகம் இல்லை அது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர்களின் முகம்.

"மிஷின் ஆஃப்லதானப்பா இருக்கு? தூக்கினா என்ன?"

அவர் என்னை இறக்கிக் கேபினுக்குக் கூட்டிப்போனார். இருக்கைக்குப் பின்னால் ஒரு சிவப்பு வயர். அதை விரலால் தொடர்ந்து காட்டினார். அம்மன் பெட்டியிலிருந்து இறங்கி, கேபினைத் துளைத்து வெளியேறி, பின்னாலுள்ள வெள்ளைப் பெட்டியின் ஓரமாக ஏறி, குளிர் மிஷினின் பேட்டரியில் போய் முடிந்தது.

லாரியின் கரண்ட் இருபத்துநாலு வோல்ட். அம்மன் பெட்டியின் பல்புகள் பன்னிரண்டு. முதலில் லாரியில் கொடுத்தாராம். ஏற்றிய கணமே அத்தனை பல்பும் பட்டென்று போய்விட்டதாம். அதையே கெட்ட சகுனமாக எடுத்துக்கொண்டு, புதுப் பல்பு வாங்கிப் போட்டு, பன்னிரண்டு வோல்ட் உள்ள இடம் தேடி மேலே கொண்டுபோயிருக்கிறார். அன்றிலிருந்து இரவும் பகலும், லாரி ஓடினாலும் நின்றாலும், எரிந்துகொண்டே இருக்கிறது.

"அவ உண்டாயிருக்கான்னு தெரிஞ்ச அன்னிக்கு ஏத்தினதுண்ணா. புள்ள அழற சத்தம் என் காதுல வுழற வரைக்கும் இத்த அணைக்க மாட்டேன்னு அம்மனாண்ட சொல்லிட்டேன். டெய்லி வூட்ல போய் நின்னா அவ கேக்கற மொத கேள்வி, எரியுதான்னு."

எத்தனை தடவை அந்த விளக்கைக் கும்பிட்டிருக்கிறேன்! அதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. மேஸ்திரிக்கும் தோன்றவில்லை. சாமி விளக்கையும் கரண்ட் குடிக்கிற லோடு என்று யார் கணக்கெடுப்பார்கள்?

ஏரிக்கரை விஷயமும் அப்போது புரிந்தது. பட்டணத்தில் ஏற்றி வருகிற பெட்டி தாம்பரம் தாண்டும்போது முழுக் குளிருக்கு வந்துவிடும். வந்ததும் மிஷின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் டைனமோவின் சார்ஜும் குறையும். ஏற்கெனவே உறிஞ்சப்பட்ட பேட்டரி அப்போது தொய்யும். அந்த இடம் சுடுகாடாக அமைந்துபோனது. இதை அவரிடம் விளக்கினேன். தலையை ஆட்டினார். பயம் போனதாகத் தெரியவில்லை.

"அணையாமலே மாத்தித் தரேன்பா" என்றேன். "லாரியில ரெண்டு பேட்டரி இருக்கு இல்ல? அதுல ஒண்ணுல இருந்து மட்டும் எடுத்தா பன்னண்டுதான். மொதல்ல அதைக் குடுத்துட்டு அப்புறம் இந்த வயரை எடுத்துடலாம். ஒரு விளக்குல இருந்து இன்னொரு விளக்கை ஏத்தற மாதிரி. கண் சிமிட்டக்கூட சிமிட்டாது."

"வேணாண்ணா. ஏத்தின எடத்துலேந்து எதையும் நகத்த வேணாம். ஒருதபா பட்டுனு போச்சே, பாத்தேன் இல்ல? இந்த மாசந்தான். பொறந்துட்டா நீயே கழட்டிக்க."

"பெட்டிக்குள்ள இருக்கறதும் புள்ளைங்களுக்குத்தானப்பா. இது நின்னுபோச்சுன்னா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உன் வூட்ல புள்ள கீது. நீ பேசுவ."

ஏணியில் ஏறி, தளர்த்திய நட்டை இறுக்கினேன். பெல்ட்டை மறுபடி இழுத்து வைத்துவிட்டு இறங்கினேன். கிளம்பும்போது அவரே ஜன்னலில் எட்டிப் பார்த்து, "கோச்சுக்காதண்ணா. அடுத்த லோடுக்கு நீ கூட வா. அந்த ஏரிக்கரைய உன் கண்ணால பாரு" என்றார். வருகிறேன் என்றேன்.

அந்த வாரம் என் மனைவி மூத்தவனைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போவதாக இருந்தாள். "எந்த லாரியில வந்த மருந்துன்னு கேளு" என்று வாய் வரை வந்தது. சொன்னால் அவளும் பயப்படுவாள். விபூதி பூசி அனுப்பினேன்.

நான் லாரியில் ஏறிய நாள் ஐப்பசி மழை காலையிலிருந்தே விடாமல் பெய்தது. மீட்டரும் டெஸ்ட் லாம்பும் ஸ்பேனர்களும் மட்டும் எடுத்துக்கொண்டேன். பெட்டி நிறைய மருந்து. ஏரிக்கரை வந்தது. சொன்ன மாதிரியே தலைக்கு மேலே மிஷின் சத்தம் தணிந்தது. அம்மன் முகம் கொஞ்சம் இருண்டது. காரணம் தெரிந்த நானே கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

பெருங்களத்தூர் தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ரோட்டின் மேலேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலும் பஸ்களும் லாரிகளும் சேர்ந்துவிட்டன. திரும்பவும் வழியில்லை. தண்ணீர் ஏறி லாரியின் பேட்டரிப் பெட்டியை மூடியது. இன்ஜினை அணைத்தால் சைலன்சருக்குள் தண்ணீர் புகும் என்று அவர் அணைக்காமல் வைத்திருந்தார். பக்கத்துப் பஸ்ஸில் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி, "உள்ள ஐஸ்கிரீமா? ஒண்ணு குடுங்க சார், போரடிக்குது" என்றார். நாங்கள் சிரிக்கவில்லை.

விளக்கு மங்கிக்கொண்டே வந்தது. சிவப்பு போய்ச் செங்கல் நிறமாயிற்று. பிறகு, ஊதாமல் விட்ட கரித்துண்டு மாதிரி ஆயிற்று.

மேலே மிஷின் ரெண்டு முறை இருமியது. நின்றது.

அந்த நிசப்தத்தை இன்னமும் என்னால் சொல்லி முடியாது. மழைச் சத்தம் இருந்தது, ஹாரன் சத்தம் இருந்தது, லாரி இன்ஜினும் உறுமிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் எங்கள் தலைக்கு மேலே ஒன்று செத்துவிட்டது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

நனைந்துகொண்டே ஏறிப் பார்த்தேன். மழைத் தண்ணீர் தெறித்து பெல்ட் வழுக்கியிருந்தது. டைனமோ சுற்றவே இல்லை. இத்தனை நேரம் பேட்டரி மட்டும்தான் எல்லாவற்றையும் தாங்கியிருக்கிறது. பெல்ட்டைத் துணியால் துடைத்து இறுக்கினேன். செல்ஃப் கொடுத்தேன். டக் என்றது. மறுபடி டக். அவ்வளவுதான். லாரி பேட்டரியிலிருந்து எடுக்கலாம் என்றால் அது தண்ணீருக்குள். கனமான கேபிளும் கையில் இல்லை.

கேபினுக்குத் திரும்பினேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சொன்னேன். "பேட்டரிக்குக் கொஞ்சம் ஓய்வு குடுத்தா ஒருதரம் சுத்தறதுக்குத் தெம்பு வரும்னு நினைக்கிறேன். ஒரே ஒருதரம். ஆனா அதுலேந்து ஒரு சொட்டுக்கூட வெளிய போகக்கூடாது."

எது அந்த ஒரு சொட்டு என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள எவ்ளோ நேரம் தாங்கும்?"

"கதவு திறக்காம இருந்தா கொஞ்ச நேரம். அப்புறம் எனக்குத் தெரியாதுப்பா. மருந்தைப் பாத்தா உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"நீ எடேன்."

"நான் ஏத்தின விளக்கு இல்லையே."

அப்படிச் சொன்னது கடுமைதான். ஆனால் வேறொருவர் வேண்டிக்கொண்டு ஏற்றியதில் நான் எப்படிக் கை வைப்பேன்? மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டபடி உட்கார்ந்திருந்தேன். அவர் வீட்டில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எரியுதா என்று கேட்கக் காத்திருக்கிறாள். பெட்டிக்குள் இருப்பது எந்தெந்த ஊர்க் குழந்தைகளுக்கோ. அம்மாமார்கள் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்.

அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய், சிவப்பு வயரைப் பிடித்து, ஒரே இழுப்பு இழுத்தார்.

அம்மன் முகம் இருட்டுக்குள் போயிற்று.

பேட்டரிக்குத் தெம்பு வரக் காத்திருந்தோம். பிறகு நான் மேலே ஏறி, கண்ணை மூடிக்கொண்டு செல்ஃப் கொடுத்தேன். இன்ஜின் முக்கியது. ஒரு சுற்று. தயங்கியது. இன்னும் அரைச் சுற்று. அதற்குமேல் இல்லை என்று கையை எடுக்கப் போனபோது, பட் பட்டென்று கரும்புகை விட்டுப் பிடித்துக்கொண்டது. மீட்டரில் முள் மெல்ல எழுந்தது. பெட்டியின் வெப்பமானியைப் பார்த்தேன். எல்லைக் கோட்டுக்குள்தான் நின்றது.

இறங்கி வந்து, "சார்ஜ் ஏறுது. இப்ப வயரைக் குடுக்கலாம்பா" என்றேன்.

"வேணாண்ணா" என்றார். "அணைஞ்சது அணைஞ்சதுதான். இனிமே ஏத்தினா அது வேற வெளக்கு."

தண்ணீர் வடிந்து வழி கிடைத்ததும் செங்கல்பட்டு வரை போய் மருந்தை இறக்கினோம். திரும்பி வருகிற வழி முழுக்க அந்த இருட்டுப் பெட்டி எங்களைப் பார்த்தபடி இருந்தது. தாம்பரத்தில் என்னை இறக்கிவிட்டபோது, "வூட்ல கேப்பாளே" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த லாரி ஷெட்டுப் பக்கம் வரவில்லை. ரோட்டில் வெள்ளைப் பெட்டி எது போனாலும் எட்டிப் பார்ப்பேன். மேஸ்திரி கேலி செய்வதைக்கூட நிறுத்திவிட்டார். வீட்டில் விளக்கேற்றும்போது நான் அதிக நேரம் நிற்பதைப் பார்த்து மனைவி ஏன் என்று கேட்டாள். சொன்னேன். தன் கையாலேயே இன்னொரு அகலில் எண்ணெய் விட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

ஒரு மத்தியானம் அவர் வந்தார். லாரி இல்லை, நடந்து வந்தார். தாடி வளர்ந்திருந்தது. எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது.

"பொண்ணுண்ணா" என்றார். "மாசம் நெறையறதுக்கு முன்னாடியே. ஒரு கையளவுதான். பொறந்தவொடனே அழல."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"தலகீழா புட்சி முதுவுல தட்னாங்களாம். ஒண்ணுமே இல்லியாம். நான் வெளிய நின்னுகினு வயர இழுத்த கையவே பாத்துகினு இருந்தேன். அப்பால ஒரு சத்தம். பூனக்குட்டி மாதிரி. கண்ணாடிப் பொட்டில போட்டு, சூடு குடுக்க மேல பெரிய பல்பு வெச்சிக்கீறாங்க. இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாதாம்." கொஞ்சம் நிறுத்தினார். "அது நான் அணைச்சதாலயாண்ணா?"

நான் சாமியார் இல்லை, படித்தவனும் இல்லை. மனசில் இருந்ததைச் சொன்னேன். "தெரியலப்பா. ஆனா நீ அதை அம்மன் பாக்கத்தான் அணைச்ச. எதுக்குன்னு அவளுக்குத் தெரியும்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த ரூம்ல கரண்ட் போனா அந்த பல்பு இன்னா ஆவும்னு கேட்டேன். ஜெனரேட்டர் கீது, யாரும் அணைக்க மாட்டாங்கன்னு நர்சம்மா திட்டி அனுப்பிட்டாங்க."

குழந்தை வீடு வந்து சேரும்வரை அவர் விளக்கைப் பற்றிப் பேசவில்லை. அதன்பின் ஒருநாள் லாரியோடு வந்தார். "இப்ப லாரி பேட்டரியிலேந்தே குடுத்துடு, நீ சொன்னா மாதிரி" என்றார். வயரை எடுத்தேன். "ஸ்விட்ச்சும் ஒண்ணு வெச்சிடுண்ணா. அணைக்கற மாதிரி இருக்கட்டும்."

அதற்குப் பிறகு குளிர் மிஷினின் பேட்டரி ஒருநாளும் படுக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு வயசு இருக்கும்போது ஷெட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். மெலிந்த பிள்ளை, பெரிய கண்கள். கேபினில் உட்கார வைத்தோம். அவள் பார்த்த முதல் பொருள் அந்த ஸ்விட்ச். எட்டித் தட்டினாள். அம்மன் அணைந்தாள். தட்டினாள், எரிந்தாள். அவளுக்கு ஒரே சிரிப்பு. தட்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறை அந்த முகம் இருளும்போதும் அவர் கை தானாக என் மணிக்கட்டைப் பிடித்தது. நானும் மூச்சை விடாமல் அவள் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.